பட்டன் மாறினால் பரவாயில்லை, படம் மாறினால்?

இந்த முறை கேள்விகள் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து வந்து குவிந்திருக்கின்றன. பல்கலைக்கழகக் கணக்கு வைத்து உள்ளே போகும் இணைய நிலப்படச் சேவைகள் முகப்பை மாற்றிவிட்டன, புதுப்புது வசதிகளைச் சேர்த்துவிட்டன, அதோடு சேர்ந்து தலைவலியும் வந்திருக்கிறது. "அந்த பட்டன் எங்கே போச்சு" ரகக் கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டேன், அவற்றுக்கு அந்தந்தச் சேவையின் உதவிப் பக்கமே போதும். மீதியைப் பார்ப்போம்.

கேள்வி: முதுநிலை முதலாண்டு மாணவி நான். கூகுள் மேப்ஸ் இலவசமாகவே இருக்கும்போது நூலகம் எதற்குத் தனியாக ஒரு நிலப்படச் சேவைக்குச் சந்தா கட்டுகிறது?

பதில்: கூகுள் உங்களுக்குக் காட்டுவது படம். படத்துக்குப் பின்னால் இருக்கும் தரவைக் கையில் தராது. கட்டடங்களை மட்டும் தனியாகப் பிரித்து, ஆற்றிலிருந்து 50 மீட்டருக்குள் எத்தனை இருக்கின்றன என்று எண்ண வேண்டுமென்றால் படம் உதவாது, ஒவ்வொரு கட்டடமும் தனித்தனி உருவமாக, தனக்கென ஓர் அடையாள எண்ணோடு இருக்கும் கோப்பு வேண்டும். கல்விச் சேவைகளின் பிழைப்பே அதுதான். நல்ல உதாரணம் பிரிட்டனின் டிஜிமேப். எடின்பரோ பல்கலைக்கழகத்தின் எடினா மையம் 2000இல் தொடங்கியது, அந்நாட்டு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் விரிவான தரவை மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களே இறக்கிக்கொள்ளலாம். பழைய படங்கள், நிலவியல், கடல், லைடார் (விமானத்திலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி எடுக்கும் உயர அளவு) என்று தொகுப்புகள் பின்னால் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போயின.

சந்தா என்பதால் நிபந்தனைகளும் உண்டு. கல்விக்கு மட்டும்தான், படிப்பு முடிந்து கணக்கு மூடியதும் தரவைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது என்கிற மாதிரி. இதை யாரும் படிப்பதில்லை, வேலைக்குச் சேர்ந்த இடத்தில் பழைய கோப்பைத் திறக்கும்போதுதான் ஞாபகம் வரும்.

கேள்வி: சேவையைப் புதுப்பித்த பிறகு புதிதாக இறக்கிய சாலைகள், நான் போன வருடம் களத்தில் ஜி.பி.எஸ். வைத்து எடுத்த புள்ளிகளிலிருந்து 100 மீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன. யார் மேல் தப்பு?

பதில்: பெரும்பாலும் யார் மேலும் இல்லை. இரண்டு கோப்புகளும் பூமியை வேறு வேறு விதமாக அளந்திருக்கின்றன, அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வந்த கடிதங்களில் மூன்றில் ஒன்று இதைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறது.

கிரீன்விச் வானாய்வகத்துக்குப் போய் அந்தப் புகழ்பெற்ற பூஜ்ஜியத் தீர்க்கரேகைக் கோட்டின் மேல் ஒரு ஜி.பி.எஸ். கருவியோடு நின்றால், கருவி பூஜ்ஜியம் காட்டாது. பூஜ்ஜியத்தைப் பார்க்கக் கிழக்கே சுமார் 102 மீட்டர் நடக்க வேண்டும். கோடு பொய்யில்லை, கருவியும் பொய்யில்லை. அந்தக் கோடு, நட்சத்திரங்களைப் பார்த்து, அந்த இடத்தில் தூக்குக்குண்டு தொங்கும் திசையை நம்பி வரையப்பட்டது. ஜி.பி.எஸ். பூமியின் நிறை மையத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. பூமி எந்த வடிவம், எங்கிருந்து அளப்பது என்ற இந்த ஒப்பந்தத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84, பல நாட்டு நில அளவைத் துறைகள் பயன்படுத்துவது அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்த உள்ளூர் டேட்டம்.

அதனால் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை வைத்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாம். ஒன்றிரண்டு மீட்டர் என்றால் ஒரே டேட்டத்தின் பழைய, புதிய பதிப்புகள் கலந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவைப் பாருங்கள், அந்தக் கண்டமே வருடத்துக்கு 7 சென்டிமீட்டர் அளவில் வடகிழக்காக நகர்கிறது, அதனால் 1994ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் 2020ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் நடுவில் 1.8 மீட்டர் இடைவெளி விழுந்துவிட்டது. உங்களுடையது போல நூறு, இருநூறு மீட்டர் என்றால் டேட்டமே வேறு. புள்ளிகள் எல்லாம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒரே இடத்தில் போய்க் குவிந்தால் உங்கள் அட்டவணையில் ஆயத்தொலைவு இருக்க வேண்டிய இடம் காலி, பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று படித்துக்கொண்டது. வேறு ஏதாவது விநோதமான நாட்டில் போய் விழுந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கின்றன. ஜியோஜேசன் என்ற வகைத் தரவுக் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும், பள்ளியில் நாம் படித்ததற்கு நேர்மாறாக.

சரி, மருந்து? இறக்கும் பக்கத்திலேயே ஆயத்தொலைவு முறை என்று ஒரு தேர்வு இருக்கும், அதில் இ.பி.எஸ்.ஜி. எண் ஒன்று, அதாவது அந்த முறையின் அடையாள எண், எழுதியிருக்கும். 4326 என்றால் டபிள்யூஜிஎஸ் 84இன் அட்சரேகை, தீர்க்கரேகை. 27700 என்றால் பிரிட்டனின் தேசியக் கட்டம். புதுப்பிப்புக்குப் பிறகு இயல்பாகத் தேர்வாகியிருக்கும் எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், என் சந்தேகம் அங்கேதான்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. கியூஜிஐஎஸ் என்ற நிலப்பட மென்பொருளில் 'செட் லேயர் சிஆர்எஸ்' என்று ஒன்றும் 'ரீபுரொஜெக்ட் லேயர்' என்று ஒன்றும் இருக்கின்றன. முதலாவது, எந்த ஆயத்தொலைவு முறை என்று சொல்லும் சீட்டை மட்டும் மாற்றி ஒட்டும், எண்களைத் தொடாது. இரண்டாவதுதான் எண்களை உண்மையிலேயே மாற்றிக் கணக்கிடும். ஃபாரன்ஹீட்டில் 98 என்று எழுதிய உடல் சூட்டை, சென்டிகிரேட் என்று சீட்டு மாற்றி ஒட்டினால் நோயாளி கொதித்துக்கொண்டிருப்பார். பாதிப் பேர் அவசரத்தில் செய்வது இதைத்தான்.

கேள்வி: இறக்கும்போது இதுவரை ஷேப்ஃபைல் என்ற தரவுக் கோப்பு வகை மட்டும்தான் இருந்தது. இப்போது ஜியோபேக்கேஜ் என்பதை முதலில் வைத்திருக்கிறார்கள். பழகினதை விட மனசு வரவில்லை.

பதில்: விட்டுவிடுங்கள். ஷேப்ஃபைல் ஒரு கோப்பே இல்லை, குறைந்தது மூன்று கோப்புகள் கொண்ட கூட்டுக்குடும்பம், ஆயத்தொலைவு முறையைச் சொல்லும் நான்காவதை நண்பருக்கு அனுப்பும்போது விட்டுவிட்டால் முந்தைய கேள்விக்கு நேராகப் போய்ச் சேருவீர்கள். 2 ஜிபிக்கு மேல் தாங்காது. நெடுவரிசைப் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகக் கூடாது.

அந்தப் பத்தும் நம் எழுத்தில் பத்து இல்லை என்பதுதான் கூத்து. கணக்கு பைட்டில். யூடிஎஃப் 8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும், கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், ஆக 'பெயர்' என்ற சின்னச் சொல்லுக்கே 15 பைட் வேண்டும். நெடுவரிசைக்குப் 'பெயர்' என்று பெயர் வைக்கக்கூட அங்கே இடமில்லை! உள்ளே எழுதும் சொற்களுக்கும் 254 பைட்தான் எல்லை, தமிழில் அது 84 குறியீடுகளோடு முடிந்துவிடும். எந்த எழுத்து முறை என்று சொல்லும் இன்னொரு குட்டிக் கோப்பு தொலைந்தால் மொத்தமும் கேள்விக்குறிகளாகவும் கிறுக்கல்களாகவும் தெரியும். ஜியோபேக்கேஜில் எல்லாம் ஒரே கோப்பு, பல அடுக்குகளை ஒன்றாக வைக்கலாம், தமிழில் தாராளமாகப் பெயர் வைக்கலாம். 2014லேயே தரமாக ஏற்கப்பட்டது, ஒன்றும் நேற்று முளைத்த சங்கதி இல்லை. உங்கள் வழிகாட்டி ஷேப்ஃபைல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கடைசியில் ஒரு பிரதியை மட்டும் அப்படி மாற்றிக் கொடுங்கள்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளின் நிலப் பயன்பாட்டு அடுக்குகளை அருகருகே வைத்து ஒப்பிடும் நழுவுபட்டை ஒன்றைப் புதிதாகத் தந்திருக்கிறார்கள். நகர்த்திப் பார்த்தால் ஒரே ஆண்டில் புல்வெளி பெருமளவு மரக்காடாக மாறியிருக்கிறது. ஆய்வுக்கு நல்ல தலைப்பு கிடைத்துவிட்டது என்று மகிழலாமா?

பதில்: ஒரு வாரம் பொறுங்கள். ஒரே ஆண்டில் அத்தனை மரம் முளைக்காது. தரையில் ஒன்றும் மாறாமல், வகைப்படுத்திய கணினி நிரல் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் உலகம் முழுவதையும் 10 மீட்டர் நுணுக்கத்தில் 11 வகையாகப் பிரித்துக் காட்டும் படம், 2020க்கு ஒன்று, 2021க்கு ஒன்று. இரண்டையும் கழித்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் இரண்டாவது, மேம்படுத்திய வேறொரு நிரலால் செய்தது. ஆகவே வித்தியாசத்தில் உண்மை மாற்றமும் நிரலின் மாற்றமும் கலந்தே இருக்கும் என்று வெளியிட்டவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்திருக்கும் இடம், நழுவுபட்டைக்குப் பக்கத்தில் இல்லை. அதுதான் எனக்கு இந்த வசதி மேல் இருக்கும் கோபம். நகர்த்தினால் மாறுகிற எதையும் கண் உடனே நம்பிவிடும், படத்தின் கீழே ஒரு வரி எச்சரிக்கை போட என்ன கஷ்டம்?

நுணுக்கத்தின் எல்லையும் இதே மாதிரிதான். ஐரோப்பாவின் கோரைன் நிலப்போர்வைப் படத்தில் 25 ஹெக்டேருக்குக் குறைவான துண்டு தனியாக இடம்பெறாது, அக்கம்பக்கத்து வகையோடு கரைந்துவிடும். 24 ஹெக்டேர் தோப்பு ஒன்று 26 ஆனால் படத்தில் திடீரென்று காடு தோன்றும். இதனால்தான் அவர்கள் மாற்றத்துக்கென்றே தனி அடுக்கு தருகிறார்கள், அதில் 5 ஹெக்டேரும் அதற்கு மேலுமான மாற்றங்கள் பதிவாகும். மாற்றத்தை ஆய்வு செய்பவர் எடுக்க வேண்டியது அந்த அடுக்கை, இரண்டு படங்களின் கழித்தலை அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு அடுக்குகளின் மீதரவையும் (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) திறந்து, எந்தப் பதிப்பு, எந்தச் செயற்கைக்கோள், எந்த முறை என்று பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் சந்தேகத்துக்குரிய இடங்களில் ஐம்பதையாவது தற்செயலாகத் தேர்ந்து, உயர்நுணுக்கப் படத்தோடு கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் மரம் நின்றால் மகிழலாம்.

கேள்வி: புதிய முகப்பு எங்கள் ஆய்வகத்துப் பழைய கணினியில் வெறும் சாம்பல் பலகையாக வருகிறது. முன்பு நன்றாகத்தானே ஓடியது?

பதில்: முன்பு வந்தது, சேவையகத்திலேயே வரைந்து முடித்த சின்னச் சின்னச் சதுரப் படங்கள். பெரிதாக்கலின் பூஜ்ஜிய நிலையில் உலகம் முழுவதும் ஒரே சதுரம், அடுத்ததில் 4, அதற்கடுத்து 16. இப்படியே 18ஆம் நிலைக்குப் போனால் 6,871 கோடிச் சதுரங்கள். ஒரு சாலையின் நிறத்தை மாற்ற நினைத்தால் அத்தனையையும் திரும்ப வரைய வேண்டும், யாரால் ஆகும். அதனால் இப்போது வெக்டர் டைல் முறைக்கு மாறுகிறார்கள். கோடுகளும் புள்ளிகளும் எண்களாக வரும், படம் வரையும் வேலை உங்கள் உலாவியின் தலையில். அதற்கு, திரை அட்டையைக் கொண்டு உலாவிக்குள் படம் வரையும் வெப்ஜிஎல் என்ற நுட்பம் ஓட வேண்டும். பழைய கணினியில் அது அணைந்திருக்கும், அல்லது திரை அட்டை தாங்காது. உலாவியைப் புதுப்பித்து, அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை இயக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் கியூஜிஐஎஸ்சில் டபிள்யூஎம்எஸ் இணைப்பு வழியாக அதே படத்தை எடுக்க முடிகிறதா என்று சேவையாரிடம் கேளுங்கள், அங்கே இன்னும் சேவையகமே வரைந்து அனுப்பும்.

இந்த மாற்றத்தில் எனக்குப் பிடித்த ஒன்று, ஊர்ப் பெயர்களை வேண்டிய மொழியில் பார்க்க வழி பிறந்திருப்பது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த நிலப்படமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் ஊருக்குப் பல மொழிப் பெயர்கள் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும், தமிழுக்கும் ஒரு கட்டம் உண்டு. படம் உலாவியில்தான் உருவாகிறது என்பதால் எதை எழுதுவது என்பதை அந்த நொடியில் தேர்ந்துகொள்ளலாம். பிடிக்காதது, இப்படி வரையும் நிரல்களில் சில தமிழ் மாதிரியான எழுத்துகளைச் சேர்த்து எழுதத் தெரியாமல் நீண்ட நாளாகத் தடுமாறுவது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியாகத் தொங்கும். அச்சுக்கு அனுப்பும் முன் பெயர்களை ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: திரையில் பரப்பு அளக்கும் கருவி காட்டும் அளவும் கியூஜிஐஎஸ் காட்டும் அளவும் ஏன் ஒத்துப்போவதில்லை?

பதில்: இணையப் படங்கள் பெரும்பாலும், உருண்டைப் பூமியைத் தட்டையாக விரிக்கும் வெப் மெர்கேட்டர் முறையில் வரைந்தவை. 60 பாகை அட்சரேகையில் அது நீளத்தை இரண்டு மடங்காகவும் பரப்பை நான்கு மடங்காகவும் இழுத்துக் காட்டும். நல்ல அளவுக் கருவி வளைந்த பூமியின் மேல் கணக்கிட்டு இதைச் சரிசெய்துவிடும். கியூஜிஐஎஸ்சில் நீள்வட்டக் கணக்கு என்று தேர்ந்திருக்கிறீர்களா, தட்டைக் கணக்கு என்றா என்று பாருங்கள். தட்டை என்றால் அந்த எண்ணைக் கட்டுரையில் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பழைய நிலப்படங்களை இன்றைய படத்தின் மேல் வைத்து, ஒளிபுகும் தன்மையைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் வசதி அற்புதம். ஆனால் ஓர் ஓடை பழைய படத்தில் 30 மீட்டர் தள்ளி ஓடுகிறது. ஓடை நகர்ந்ததா, படம் நகர்ந்ததா?

பதில்: அருமையான கேள்வி, படத்தைத் தாண்டி யோசித்திருக்கிறீர்கள்.

பழைய படத்தை ஸ்கேன் செய்து, அதில் தெரியும் கோயில் கோபுரம், சந்திப்பு, பாலம் மாதிரி நகராத இடங்களை இன்றைய படத்தில் அதே இடங்களோடு முடிச்சுப் போடுவார்கள். அந்த முடிச்சுகளை வைத்துப் படத்தை இழுத்து, திருப்பி, சில சமயம் வளைத்து உட்காரவைப்பார்கள். எளிய உருமாற்றத்துக்கு மூன்று முடிச்சு போதும், படத்தை வளைக்கும் இரண்டாம் படிச் சமன்பாட்டுக்கு 6, மூன்றாம் படிக்கு 10. ஆனால் காகிதம் ஈரத்தில் விரிந்து, உலர்ந்து சுருங்கியிருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும், ஸ்கேனரில் சற்றுக் கோணலாக வைத்திருப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அளந்தவரே அந்தக் காட்டு மூலையை அவ்வளவு அக்கறையாக அளந்திருக்க மாட்டார். பழைய பிரிட்டிஷ் மாவட்டப் படங்களைப் பார்த்தால், இன்றைய தேசியக் கட்டம் அப்போது கிடையாது, மாவட்டத்துக்கொரு தொடக்கப்புள்ளி வைத்து, காசினி என்ற பழைய விரிப்பு முறையில் வரைந்தவை, அவற்றை ஒன்றாகத் தைக்கும்போது ஓரங்களில் கொஞ்சம் பிசகும்.

எனவே ஓடையை மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் நகர்ந்திருக்கவே முடியாத நாலைந்து இடங்களைப் பாருங்கள். அவையும் அதே பக்கம் 30 மீட்டர் தள்ளியிருந்தால் நகர்ந்தது படம். அவை அப்படியே பொருந்தி, ஓடை மட்டும் தள்ளியிருந்தால் விஷயம் இருக்கிறது. சேவை தரும் பிழை அளவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தின் பிளேட் ஸ்ப்லைன் என்ற முறையில் படம் ரப்பர் மாதிரி எல்லா முடிச்சிலும் மிகச் சரியாகப் போய் உட்காரும், பிழை பூஜ்ஜியம் என்று காட்டும், முடிச்சுகளுக்கு நடுவே என்ன கூத்து நடக்கிறது என்பது அந்த எண்ணில் தெரியாது.

இன்னொன்று, படத்தின் மூலையில் இருக்கும் ஆண்டு அச்சிட்ட ஆண்டாக இருக்கும். அளந்த ஆண்டு அதற்குப் பல வருடம் முன்பு, நடுவில் ரயில் பாதையை மட்டும் சேர்த்துத் திருத்தி மறுபடி அச்சிட்டிருப்பார்கள். ஒரே தாளில் மூன்று காலங்கள் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் நிலப்படத் தளம் இந்தத் தேதிகளைப் பிரித்துப் போடுகிறது, உங்கள் சேவை போடவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: புதிதாக வந்த லைடார் அடுக்கில் டிடிஎம், டிஎஸ்எம் என்று இரண்டு. எதை எடுப்பது?

பதில்: டிஎஸ்எம் மேலிருந்து பார்த்தால் முதலில் தட்டுப்படும் பரப்பு, மர உச்சியும் கூரையும் சேர்த்து. டிடிஎம் அவற்றை உரித்துவிட்ட வெறும் தரை. கட்டட உயரம் வேண்டுமா, டிஎஸ்எம்மிலிருந்து டிடிஎம்மைக் கழியுங்கள். புதைந்த கட்டுமானம் தேடுகிறவர்களுக்கு டிடிஎம்தான் தெய்வம். பெலீசில் மாயன் நகரமான கரகோலை 2009இல் லைடாரால் அளந்தபோது, சுமார் 200 சதுர கிலோமீட்டர் காட்டுக்கு அடியில் இருந்த படிக்கட்டு வயல்களும் பாதைகளும் சில நாள் பறத்தலிலேயே கிடைத்தன, அதற்குமுன் கால் நூற்றாண்டாகக் கத்தியும் கயிறுமாக ஆய்வாளர்கள் அளந்திருந்தது அதில் சிறு பகுதி.

உயரத்தை உங்கள் கைக்கருவியோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம். செயற்கைக்கோள் தருவது, பூமிக்குப் பதிலாகக் கணக்குக்கு வைத்திருக்கும் வழவழப்பான நீள்வட்ட வடிவத்திலிருந்து உயரம், படத்தில் இருப்பது கடல் மட்டத்தையொட்டிய ஜியாய்டிலிருந்து உயரம். இரண்டுக்கும் இடைவெளி இந்தியப் பெருங்கடலில் ஓரிடத்தில் சுமார் 106 மீட்டர் வரை போகிறது. கடற்கரையில் நிற்கும்போது கருவி தொண்ணூறு மீட்டர் ஆழத்தில் இருப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: கணக்கில் சேமித்து வைத்திருந்த என் குறிப்புகளும் கோடுகளும் புதுப்பிப்புக்குப் பிறகு காணவில்லை. திரும்ப வருமா?

பதில்: உடனே உதவி மையத்துக்கு எழுதுங்கள், பழைய பதிப்பைக் கொஞ்ச காலம் அணைக்காமல் வைத்திருந்தால் வாய்ப்பு இருக்கிறது. எனக்கு வரவில்லை. பெயர் வேண்டாம், ஒரு சேவையில் இரண்டு வருடமாகக் குறித்து வைத்திருந்த நானூறு சொச்சம் இடங்கள், "புதிய அனுபவத்துக்கு மாறுகிறோம்" என்ற மின்னஞ்சலைப் படிக்காமல் விட்டதால் போயின. அன்றிலிருந்து மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஜியோஜேசனாக இறக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. பெரிய நிறுவனம் நடத்துகிறது என்பதும் உத்தரவாதம் இல்லை. அட்டவணையை நிலப்படமாக்கித் தந்த, எத்தனையோ பேர் நம்பியிருந்த கூகுள் ஃபியூஷன் டேபிள்ஸ் 2019 டிசம்பரில் மூடப்பட்டது. ஃபிளாஷில் செய்த ஊடாடும் நிலப்படங்கள் 2020 முடிவோடு ஊமையாகின.

கேள்வி: வேண்டியதை வாக்கியமாக எழுதினால் படம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவு வசதி நம்பகமானதா?

பதில்: அது எந்த அடுக்கை எடுத்தது, என்ன வடிகட்டியது என்ற நிரல் வரிகளைக் காட்டினால் பயன்படுத்துங்கள், காட்டாவிட்டால் வேடிக்கை பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆய்வேட்டில் இந்தப் படங்களைப் போடலாமா? எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: ஆய்வேட்டில் பெரும்பாலும் அனுமதி உண்டு. அதையே திறந்த அணுகல் இதழிலோ நூலாகவோ போடும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இதழ் 'யாரும் மறுபயன்பாடு செய்யலாம்' என்று சொல்லும், படத்தின் உரிமையாளர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். அந்தப் படத்துக்கு மட்டும் தனி உரிம வரி போட இதழ் சம்மதிக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். தொல்லையே வேண்டாம் என்றால் பின்னணிக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எடுங்கள், பங்களிப்பாளர்களுக்கு நன்றி வரி கட்டாயம்.

குறிப்பிடும்போது சேவையின் பெயரையும் இணைய முகவரியையும் மட்டும் போட்டுவிட்டு நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். தரவை உருவாக்கிய நிறுவனம், அடுக்கின் பெயர், பதிப்பு, அளவுத்திட்டம், தரவு புதுப்பிக்கப்பட்ட நாள், நீங்கள் இறக்கிய நாள், இ.பி.எஸ்.ஜி. எண், இத்தனையும் வேண்டும். கடைசி மூன்றையும் இறக்கும்போதே கோப்புறையில் ஒரு சின்ன உரைக் கோப்பாக எழுதி வைத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேவை இன்னொருமுறை புதுப்பிக்கப்பட்டிருக்கும், அந்தப் பழைய நாளை எங்கேயும் தேடி எடுக்க முடியாது.